கொல்லிமலையில் கேட்ட விண்வெளிச் சங்கீதம்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்தாவது வளைவில் அக்காவுக்குத் தலை சுற்றியது. முப்பதாவதில் எனக்கு. அக்காவின் பையன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வயது பதினைந்து. இரண்டு காதிலும் இயர்போன். மேகம் கார் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறது; இவனோ கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறான்!

"எட்டு மாதமாக இப்படித்தான். நீயாவது சொல்லுடா தம்பி" என்றாள் அக்கா, தணிந்த குரலில்.

எட்டு மாதம் என்பது என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். அத்தான் காலமாகி எட்டு மாதம்.

சொல்வது என்றுதான் தீர்மானித்தேன். அறப்பளீசுவரர் கோயிலில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, நானும் அவனும் ஆகாய கங்கை அருவிக்குப் புறப்பட்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது சுலபம். ஏறும்போதுதான், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தே காலம் தள்ளுகிறவனின் வண்டவாளம் வெளிப்படும். பாதி வழியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்த அருவிச் சத்தத்தைவிடவா உன் சினிமாப் பாட்டு உசத்தி?" என்று ஆரம்பித்தேன்.

"சினிமா இல்லை மாமா. பாட்டும் இல்லை" என்று சொல்லி, ஒரு இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

பாட்டு இல்லைதான். தந்தி வாத்தியங்கள். ஒரு சின்ன ஸ்வரக் கோவை திரும்பத் திரும்ப வந்தது. அதன்மேல் இன்னொரு வாத்தியம் வந்து சேர்ந்தது, பிறகு இன்னொன்று. கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்க, வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருவதுபோல! ‘பாசகாலியா’ என்றான் பையன். அடியில் ஒரே கோவை மாறாமல் சுழல, மேலே கற்பனை விரியும் பழைய ஐரோப்பிய இசை வடிவம் அது. முடிந்தபோது என் மூச்சும் சீராகியிருந்தது.

அமெரிக்காவின் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற டெலிவிஷன் தொடருக்காக எழுதப்பட்ட இசையாம். மனிதன் படைத்த இயந்திரங்கள் மனிதனையே அழித்துவிடுகின்றன. தப்பியவர்கள் ஐம்பதாயிரம் பேர் அளவில், கப்பல்களில் ஏறி, பூமி என்ற ஊரைத் தேடி இருட்டில் அலைகிறார்கள். அந்த இயந்திரங்களில் சில அழகிய பெண்ணுருவில் வந்து மயக்கி அழிப்பவை என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை வழங்கும் மலையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறோம்! எட்டுக்கை அம்மன் கோயிலை இன்றும் அந்தப் பாவையின் கோயில் என்கிறார்கள்.

இந்தக் கதை 1978-இலேயே ஒரு முறை தொடராக வந்தது. அதற்கு ஸ்டூ பிலிப்ஸ் இசையமைக்க, வாசித்தது லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா. எக்காளமும் கம்பீரமும் நிறைந்த ராஜபாட்டைச் சங்கீதம். 2003-இல் கதையைப் புதிதாக எடுத்தபோது எக்காளத்தை ஒதுக்கிவிட்டார்கள். ரிச்சர்ட் கிப்ஸும், அவரிடம் உதவியாளராக இருந்து 2004 முதல் 2009 வரை ஓடிய தொடரின் இசையை ஏற்றுக்கொண்ட பேர் மெக்ரியரியும் ஜப்பானின் தாய்கோ முரசுகளைக் கொண்டுவந்தார்கள். ஆர்மீனியாவில் வாதுமை இன மரத்தில் செய்யும் துடுக் குழலைக் கொண்டுவந்தார்கள். வீடிழந்தவர்களின் கதைக்கு ராஜபாட்டை எதற்கு? எனக்கு இது சரியாகவே படுகிறது.

சாயங்காலம் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்தபோது அந்த முரசுகள் மறுபடி நினைவுக்கு வந்தன. ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஒரு பாணர் கூட்டம் வருகிறது. முழவு, யாழ், யானைத் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி, ஒரு கண் பதலை என்று வரிசையாக வாத்தியங்களை எடுக்கச் சொல்கிறார் தலைவர். காட்டு நடுவே ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா! அதைக் கேட்கத்தான் நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தொடரின் முகப்பு இசையில் காயத்ரி மந்திரம் வருகிறது என்று பையன் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. போட்டுக் காட்டினான். ரிக்வேதத்தின் மூன்றாம் மண்டலத்து மந்திரமேதான். முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். சூரியனையே காணாமல் அலைகிறவர்கள் சூரிய தேவனைக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

"இவ்வளவு பிடிக்கிறதே, கதையையே இன்னொரு தடவை பார்ப்பதுதானே? அப்பா வாங்கிய தட்டுகள் வீட்டில் இருக்கின்றனவே" என்றேன்.

உடனே பதில் வரவில்லை. "அந்த முகப்பிலே ஒரு எண் வரும் மாமா. இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று. ஒருவர் போனாலும் ஒன்று குறையும். அப்பா அதைச் சத்தமாகப் படிப்பார். இசையை மட்டும் கேட்டால் எண் வராது."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ராத்திரி விடுதித் திண்ணையில் குளிர் நடுக்கியது. போர்வையோடு வந்து உட்கார்ந்த அக்கா, "அப்படி என்னதான் கேட்கிறாய்? எனக்கும் போடேன்" என்றாள். பையன் என்னைப் பார்த்தான். பிறகு இயர்போனைக் கழற்றிவிட்டு, பாசகாலியாவைப் போனிலேயே வைத்தான்.

அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள். போர்வையை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இது உங்கப்பா சவரம் பண்ணிக்கொள்ளும்போது முனகுவாரே, அது இல்லையா? தெரியாத ராகமாக இருக்கிறதே என்று கேலி செய்வேன்."

முடிந்ததும் அவளே சொன்னாள்: "இன்னொரு தடவை போடுடா."