எத்தனை பக்கம்?

நமது பத்திரிகைக்கு எழுத ஆசைப்பட்ட ஒரு வாலிபத் தோழர், சென்ற வாரம் 14 பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். வந்தவர், தாம் எழுதியது சரியா தப்பா என்று கேட்கவில்லை. "அய்யா, ஒரு வியாசம் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்? இது அதிகமா, குறைச்சலா?" என்றுதான் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றொரு தோழர், தாளைக் கையில்கூட வாங்காமல், "இந்தக் காலத்தில் எவன் அய்யா 14 பக்கம் படிப்பான்? இரண்டு பக்கமாக வெட்டிப்போடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எழுதுகிறவர்களுக்கு இப்போது எங்கு பார்த்தாலும் சொல்லப்படுவது இந்தத் தீர்ப்புத்தான். ஆதலால் இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தையும் சொல்லிவிட விரும்புகிறோம்.

முதலில் நம்முடைய குற்றத்தையே சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பாம்பு கடித்த ஒருவரை மந்திரிக்கிறவரிடம் கொண்டுபோய், விடிகிறவரையில் வேப்பிலை அடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. நமக்கு உண்டான ஆத்திரத்தில் அன்று இரவே உட்கார்ந்து ஒரு நோட்டீஸ் எழுதினோம். ஒரே தாள்தான், ஆனால் இரண்டு பக்கமும் பொடி எழுத்து. மந்திரம் என்பது எப்படி உண்டாயிற்று, அதனால் பிழைப்பவர்கள் யார், நம் ஜனங்கள் ஏன் இப்படி ஏமாந்துபோகிறார்கள் என்பவைகளை எல்லாம் முன்பக்கம் நிறைய எழுதிவிட்டு, பின்பக்கத்தின் கடைசியில்தான், கடிபட்டவரை உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்பதை எழுதியிருந்தோம்.

டீக்கடைக்காரர் நல்ல மனுஷர். நோட்டீசை வாங்கியவுடன் பசை தடவிக் கடைச் சுவரில் ஒட்டினார். எந்தப் பக்கத்தில் பசை தடவினார் என்று நினைக்கிறீர்கள்? பின்பக்கத்தில்தான்! உயிர் பிழைக்க வேண்டிய சங்கதி சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, நம்முடைய பாண்டித்தியம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாமும் மூன்று நாள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் போனோம். நாலாம் நாள் ஒரு கிழவி நம்மை நிறுத்தி, "பேரனை விட்டுப் படிக்கச் சொன்னேன் அய்யா. மந்திரக்காரன் திருடன்னு போட்டிருக்காம். சரி, இருக்கட்டும். கடிச்சா எங்க போறதுன்னு போடலியே?" என்று கேட்டாள். வாயடைத்துப்போனோம்.

அந்த முன்பக்கம் யாருக்காக எழுதப்பட்டது? கடிபட்டவனுக்கு அது வேண்டியதில்லை. தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கும் வேண்டியதில்லை. அது நமக்காக எழுதப்பட்டது. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல், கிடைத்த புத்தகங்களைக்கொண்டே நாலு விஷயம் தெரிந்துகொண்டவர்களுக்கு, தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் காட்டவேண்டும் என்கிற ஒரு சபலம் உண்டு. நமக்கும் உண்டு. மறுநாளே ஒருபக்க நோட்டீஸ் ஒன்று போட்டோம். பெரிய எழுத்து, அய்ந்தே வரி. பாம்பு கடித்தால் கடிவாயை அறுக்காதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் வை, நடக்க விடாதே, 108-க்குச் சொல், விஷமுறிவு மருந்து உள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடனே போ. இவ்வளவுதான்.

நிற்க. இதோடு விஷயம் தீர்ந்திருந்தால், 'இரண்டு பக்கமாக வெட்டு' என்ற தோழர் சொன்னதே சரியென்று நாமும் ஒப்புக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் தீரவில்லை. அய்ந்து வரி நோட்டீசைப் படித்தவர்களே, "என் தம்பிக்குக் கடித்தது, மந்திரித்தோம், பிழைத்தானே! இதற்கென்ன சொல்லுகிறீர்?" என்று கேட்டார்கள். இது அவமதிக்கத்தக்க கேள்வி அல்ல. கண்ணால் கண்டவன் கேட்கிற கேள்வி. இதற்கு அய்ந்து வரியில் பதில் உண்டா? "அது மூடநம்பிக்கை" என்று ஒரே வரியில் சொல்லலாம். சொன்னால் அவன் நம்மை நம்புவானா, தன் தம்பியை நம்புவானா?

அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவைகளுக்கு மனிதனைக் கொல்லும் விஷமே இல்லை என்பதையும், சாவுகளில் பெரும்பகுதி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலினால்தான் என்பதையும், சாரையை நல்லபாம்பென்றும், கோடு போட்ட விஷமில்லாப் பாம்பைக் கட்டுவிரியன் என்றும் பயத்தில் மாற்றிப் பார்த்துவிடுவது சகஜம் என்பதையும், விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷம் இறங்காமல் போவதுண்டு என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான், தானாகப் பிழைக்கக்கூடியவர்களை எல்லாம் மந்திரம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளுகிறது, செத்தவர்களைத் தலைவிதியின் கணக்கில் தள்ளிவிடுகிறது என்பது அவனுக்கு விளங்கும். தரையில் படுத்துத் தூங்குகிறவனைக் கட்டுவிரியன் கடித்தால், வலியும் வீக்கமும் அதிகம் இராமலே சில மணி நேரத்துக்குள் கண்ணிமை தொங்கி, மூச்சு அடங்கிப்போகும் என்பதையும், 'வலிக்கவில்லையே' என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் எழுதினபோது ஒரு சிறு புத்தகமாகவே ஆகிவிட்டது. அது நீளம் என்று ஒருவரும் சொல்லவில்லை. படம் போட்டிருக்கலாமே என்றுதான் கேட்டார்கள்.

2000 முதல் 2019 வரையில் நமது தேசத்தில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட விஷயத்தில், படிப்பவனுக்குப் பொறுமை இல்லை என்று நாமாக நினைத்துக்கொண்டு ஆதாரத்தை வெட்டுவது எப்படி நியாயமாகும்?

சுருக்கத்துக்குச் சாட்சி கூப்பிடுகிறவர்கள் அநேகமாக அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கனையே கூப்பிடுவார்கள். 1863-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி கெட்டிஸ்பர்க்கில், உள்நாட்டுச் சண்டையில் மாண்ட சிப்பாய்களின் இடுகாட்டில் நடந்த கூட்டத்தில், எட்வர்ட் எவரெட் என்ற பிரபல பேச்சாளர் 2 மணி நேரம் பேசினார். பின்பு லிங்கன் சுமார் 2 நிமிஷந்தான் பேசினார். இங்கிலீஷில் சுமார் 270 வார்த்தை. தாம் 2 மணி நேரத்தில் எட்டாததை அவர் 2 நிமிஷத்தில் எட்டிவிட்டார் என்ற கருத்தில் எவரெட்டே மறுநாள் அவருக்குக் கடிதம் எழுதினார். இது உண்மைதான். ஆனால் சாட்சியை இதோடு இறக்கிவிடுகிறார்களே, அதுதான் சூழ்ச்சி!

இதே லிங்கன், 1860-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க்கில் கூப்பர் யூனியன் மண்டபத்தில் பேசியது 7,000 வார்த்தைக்கு மேல். அங்கே வழக்கு என்னவென்றால், அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவாமல் தடுக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பது. அரசியல் சட்டம் செய்த பெரியவர்கள் தங்கள் பக்கமே என்று எதிரிகள் சொல்லிவந்தார்கள். லிங்கன் என்ன செய்தார்? அந்தச் சட்டத்தில் கையெழுத்துப்போட்ட 39 பேரையும் எடுத்துக்கொண்டு, யார் யார் எந்த வருஷத்தில் எந்தப் பக்கம் ஓட்டுக்கொடுத்தார்கள் என்று பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து எடுத்துக்காட்டி, அவர்களில் 21 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள், அதிகாரம் உண்டென்றே நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று கணக்குத் தீர்த்தார். இதை 2 நிமிஷத்தில் சொல்லியிருந்தால், "பெரியவர்கள் என் பக்கம்" என்பதுதான் மிஞ்சும். அதை எதிரியும் சொல்லுவான். கெட்டிஸ்பர்க்கில் கூடியிருந்தவர்களுக்கு எதையும் ருசுப்பிக்க வேண்டியதில்லை. செத்தவர்கள் அவர்கள் காலடியிலேயே கிடந்தார்கள். மனிதன் ஒருவனேதான். எதிரே இருந்தவர்களின் சந்தேகந்தான் வேறு.

நம் பண்டிதர்களுக்கும் இது தெரியாததல்ல. பவணந்தியின் நன்னூல் எழுத்துக்குள்ள பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது, மிகைபடக் கூறுவதைக் குற்றமென்றது போலவே குன்றக் கூறுவதையும் குற்றமென்றது. பண்டிதர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டு, முன்னதைத் தாங்களே செய்துகொண்டிருக்கிறார்கள். அது போகட்டும்.

வாலிபத் தோழரின் 14 பக்கத்துக்கு வருவோம். விஷயம் ராகுகாலம். முதல் மூன்று பக்கத்தில் ஆதிமனிதன் இடியைக் கண்டு பயந்த கதை. அது இல்லாமலே வியாசம் நடக்கும். ஒன்பதாம் பக்கத்தில், "இதெல்லாம் பொய்யென்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று ஒரு வரி. எந்த விஞ்ஞானி, எப்போது, எப்படி? ஒன்றும் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, புறப்பட்ட பஸ்களை எல்லாம் குறித்துக்கொண்டு, சாயந்திரம் மறுபடியும் போய் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்த்ததாக அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். டிரைவர்களோடு பேசினாராம், அவர்களில் ஒருவர் சொந்த வீட்டுக் காரியத்துக்கு ராகுகாலம் பார்ப்பவராம். தாம் கண்ணால் கண்டது அரைப் பக்கம், கேள்விப்பட்டது பதின்மூன்றரைப் பக்கம்!

முன்னதை எடுத்துவிட்டு, அந்த டிரைவரை மறுபடியும் போய்ப் பார்த்து, சம்பளத்துக்கு ஓட்டும்போது பார்க்காத ராகுகாலத்தை வீட்டில் ஏன் பார்க்கிறார் என்று கேட்டு, அவர் சொல்லுவதை அப்படியே எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம். "அப்படியானால் 16 பக்கம் ஆகிவிடுமே!" என்றார் தீர்ப்புச் சொன்ன தோழர். ஆனால் ஆகட்டும். இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.