பழி சுமக்கும் வால்வு

1953-இல் இங்கிலாந்தில் பீட்டர் வாக்கரின் நிறுவனம் வெளியிட்ட ‘குவாட் 2’ ஆம்பிளிபயர் இன்றும் பல இல்லங்களில் இசைக்கிறது. ஒலி கரகரத்து, வால்வின் தகடு சிவந்தால், பொழுதுபோக்காகப் பழுதுபார்ப்போர் முதலில் செய்வது யாது? கேடி 66 வால்வுகள் இரண்டையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியன செருகுவதே! இதற்குப் பழுதுநீக்கம் என்று பெயர் சூட்டுவது சொல்லுக்கே இழுக்கு.

பெரும்பாலும் குற்றவாளி அருகிலுள்ள சிறு மின்தேக்கி. முந்தைய வால்வின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, இசையை மட்டும் கிரிட் எனும் கட்டுப்பாட்டு வலைக்கு விடுவது அதன் கடமை. முதுமையில் அது கசிகிறது. பத்து மைக்ரோ ஆம்பியர் கசிவுதானே என்பர். அதுவே கிரிட்டின் 680 கிலோ ஓம் மின்தடையில் ஏறத்தாழ 7 வோல்ட்டாக எழுகிறது! வால்வு அளவு மீறி மின்னோட்டத்தை இழுத்துக் கனன்று சாகிறது. புதிய வால்வுக்கும் அதே கதிதான். வால்வு போனால் போகட்டும். வெளியீட்டு மின்மாற்றி கருகிவிட்டால் அதற்கு ஈடு தேடுவது எளிதா?

எல்லா உறுப்புகளையும் ஒருசேர மாற்றிவிட்டு மார்தட்டுவோரும் உளர். கருவி பாடலாம், நோய் எதுவென அவர்கள் இறுதிவரை அறியார்.

அளந்து பார்க்க என்ன தயக்கம்? (முந்நூறு வோல்ட்டுக்கு மேல் உயிர்ப்புள்ள கருவி, ஒரு கை பின்னால் இருக்கட்டும்.) கிரிட்டில் நேர்மின்னழுத்தம் தென்பட்டால், மின்னை நிறுத்தி அந்த வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் அளக்கவேண்டும். மறைந்தால் குற்றம் வால்வினுடையது. மறையாவிடில் மின்தேக்கியினுடையது.