அக்னி மூலையில் அடுப்பு, வாயு மூலையில் கக்கூஸ்

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும் கட்டப்போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் வயலெல்லாம் மனையாகிவிட்டது. நாலு கிரகப்பிரவேசத்துக்குப் போனால் நாலு வீட்டிலும் ஒரே கதைதான். தேக்கு நிலை, மணி வைத்த பூஜை அறைக் கதவு, ஹாலில் ஃபால்ஸ் சீலிங், வாசலில் கிரானைட். சிமெண்டு விளைகிற ஊர்க்காரர்கள், கட்டட வேலையில் குறை வைப்பதில்லை. ஆனால் சமையற்கட்டில் நிற்கிற பெண் அவசரத்துக்கு எங்கே போவாள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

வாஸ்து பார்ப்பவர் சொல்லிவிட்டாராம். தென்கிழக்கு அக்னி மூலையில் அடுப்பு, வடமேற்கு வாயு மூலையில் கக்கூஸ். வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் சரி, இவை இரண்டும் எதிரெதிர் மூலைகள். நான் கணக்கு வாத்தியார், சும்மா விடுவேனா? வீடு 25க்கு 40 அடி என்றால் மூலைவிட்டம் 47 அடி. சுவரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போக முடியாது, சுற்றித்தான் போகவேண்டும். ஒரு தடவை போய்வந்தாலே நூறு அடிக்கு மேல். அதுவும் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிற ஆண்களைக் கடந்து. அடுப்பில் பால் இருக்கும், குக்கர் விசில் அடிக்கும். அந்த அம்மா போகமாட்டாள், அடக்கிக்கொள்வாள்.

அடக்குவது பழகிப்போனால் அடுத்தது தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. கத்தரி வெயிலில், அடுப்புச் சூட்டில் நின்றுகொண்டு. அப்புறம் நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று, மாத்திரை. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் இப்படித் தண்ணீர் குடிக்காமல் இருந்ததை நாம் பேசியிருக்கிறோம். 40 லட்சம் போட்டுக் கட்டிய வீட்டில் அவர்களுடைய அம்மாக்களும் அதையே செய்கிறார்கள் என்பதைப் பேசுவதில்லை.

"அட்டாச்டு இருக்கிறதே சார்" என்பார்கள். இருக்கிறது, மகனும் மருமகளும் படுக்கிற அறைக்குள். ஹாலில் பாய் விரித்துப் படுக்கிற கிழவி, சர்க்கரை வியாதிக்காரி, ராத்திரி மூன்று முறை எழுந்திருப்பவள், அந்தக் கதவைத் தட்டுவாளா? அவளுக்கென்று ஒதுக்கியிருப்பது வெளியே மாடிப்படிக்குக் கீழே உள்ள கக்கூஸ். தலை இடிக்கும். மழையில் நனையவேண்டும். விளக்கைப் போட்டுவிட்டுத்தான் காலை வைக்கவேண்டும், பூச்சி பொட்டு இருக்கும். ஈரத்தில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் ஆகும் செலவில் உள்ளேயே இரண்டு கட்டியிருக்கலாம்.

சமையற்கட்டுக்குப் பக்கத்தில் கக்கூஸா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் தள்ளி வைத்ததற்கு நியாயம் இருந்தது. அது எடுப்புக் கக்கூஸ். நாற்றமும் ஈயும் உண்டு. பின் சந்து வழியாக ஒரு மனிதர் வந்து இன்னொருவர் மலத்தை அள்ளிப்போனார். அவரையும் சேர்த்துத்தான் தள்ளி வைத்தோம். அந்தக் கொடுமை சட்டப்படி ஒழிந்த பிறகும் அதே அருவருப்பு இன்று வீட்டு பிளானில் கோடாக நிற்கிறது.

1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் குழாயை வளைத்து அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி செய்து காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் பீங்கானுக்குள் நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீர் அதுதான். கீழே உள்ள நாற்றமும் பூச்சியும் அதைத் தாண்டி மேலே வராது. மயமதம் எழுதிய காலத்தில் இது கிடையாது. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை, தெரிந்ததை வைத்து எழுதினார்கள். நமக்கு என்ன கேடு?

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கழிப்பறையின் கதவோ ஜன்னலோ நேராகச் சமையலறைக்குள் திறக்கக்கூடாது என்கிறது. பக்கத்தில் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. குறைந்தபட்ச அளவு 1.1 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 12 சதுர அடி. உங்கள் பீரோவும் அதற்கு முன்னால் நிற்கிற இடமும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

நான் சொல்வது மூன்றரைக்கு ஐந்தடி. குளிக்கிற வேலை அதில் வேண்டாம். ஒரு பீங்கான், ஒரு கைகழுவும் தொட்டி, எட்டுகிற உயரத்தில் ஒரு கைப்பிடி. நகரத்து பிளாட் விளம்பரத்தில் இதைத்தான் 'பவுடர் ரூம்' என்று போட்டு விற்கிறார்கள். பெயரை விடுங்கள். கதவு சாப்பிடுகிற இடத்துப் பக்கமோ நடைபாதைப் பக்கமோ திறக்கட்டும். வெளிப்பக்கமாகத் திறக்கட்டும், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது. ஒரு சுவராவது வெளிச்சுவராக இருக்கவேண்டும், வென்டிலேட்டரும் எக்ஸாஸ்ட் விசிறியும் அதில் வரும். வாசல்படி உயரம் வேண்டாம். தரையில் உள்ள நஹானி ட்ராப் காய்ந்தால்தான் நாற்றம் வரும், வாரம் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் போதும். சோப்புள்ள தொட்டி அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தால் கை கழுவிவிட்டுச் சமைப்பார்கள். கொல்லைக் குழாயில் எத்தனை வீட்டில் சோப்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம், கக்கூஸ் இருக்கிற இடத்தில்தான் செப்டிக் டேங்க் இருக்கவேண்டும் என்பது. தேவையே இல்லை. நாலு அங்குலக் குழாய் சரியான வாட்டத்தில் போனால் டேங்க் வெளியே எங்கும் இருக்கலாம். தள்ளி வைக்கவேண்டியது அதைத்தான், போர்வெல்லிலிருந்து. பெரம்பலூர்க் கரிசலில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது, குழி தோண்டுமுன் மண்ணைப் பாருங்கள். லாரிக் குழாய் எட்டுகிற இடமாகவும் இருக்கட்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013 சட்டப்படி குற்றம். சிங்க் தண்ணீரை இதோடு சேர்க்காமல் வாழைக்கு விடுங்கள்.

வாஸ்துவை விடமாட்டேன் என்பவருக்கும் வழி இருக்கிறது. அக்னியில் தோது இல்லையென்றால் வாயு மூலையிலேயே அடுப்பு வைக்கலாம் என்று அதே வாஸ்துக்காரர்கள்தான் சொல்கிறார்கள். கக்கூஸும் அந்தப் பக்கம்தான். நடுவில் ஒரு சுவர், வேலை முடிந்தது. கேட்டுப் பாருங்கள், இன்னொரு பரிகாரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டாவது ஒத்துக்கொள்வார்.

பெரிய வீட்டுக்காரர்களோடு இதை முடிக்க மனமில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் மூன்றரை லட்சம் ரூபாயில் சமையலறை சேர்த்து 360 சதுர அடி வீடு. தூய்மை இந்தியாவில் கழிப்பறைக்கு 12,000 ரூபாய். இரண்டும் வேறு வேறு கோப்பு என்பதற்காக ஒன்றை வீடாகவும் மற்றதைக் கொல்லையில் தனிப் பெட்டியாகவும் கட்டவேண்டியதில்லை. குன்னத்திலோ செந்துறையிலோ உங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஆணை வந்திருந்தால், மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போடுமுன் போய்ச் சொல்லுங்கள். கோடு போட வந்தவர் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, ராத்திரி எந்தப் பக்கம் எழுந்து போவீர்கள் என்று கேட்கட்டும்.