கடை மகனுக்கு, முகம் கூலிக்கு

திண்டுக்கல்லினின்று பழனிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் எம் இரெட்டியார்சத்திரத்தைக் கடப்பவர் யாராயினும், நகைக்கடைகளின் விளம்பரப் பலகைகளைக் காணாது செல்லவியலாது. பலகைதோறும் ஒரு திரைமுகம். அம்முகத்தின் கீழே கழுத்துக் கொள்ளாப் பொன். அதற்கும் கீழே நம்பச் சொல்லி ஒரு தொடர். அப்பலகையின் நிழலிலே நின்று பேருந்துக்குக் காத்திருக்கும் உழவர்குடிப் பெண், மகள் மணத்திற்கெனப் பல்லாண்டு சேர்த்த சீட்டுப் பணத்தை அம்முகத்தை நம்பியே கொண்டுபோய்க் கொட்டுகின்றாள். கடை யாருடையது, முகம் யாருடையது, நகையைச் செய்த கை யாருடையது என்று அவள் கேட்பதில்லை. அவள் பொருட்டு நாம் கேட்டாக வேண்டும்.

எம் தந்தையார் காலத்தில் இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒன்றே: ஊர்ப் பத்தர். அவரே கடை, அவரே முகம், அவரே கை. உமித்தணலை ஊதி நம் கண்ணெதிரே உருக்குவார். நம் கண்ணெதிரே நிறுப்பார். அவர் ஏமாற்றவே மாட்டார் என்று சொல்ல யான் வரவில்லை. பொன்னில் கைவைக்கும் தட்டாரைப் பற்றிய பழமொழிகள் நம்மிடையே குறைவா என்ன? ஏமாற்றினால் எவர் திண்ணையில் போய்க் கேட்பது என்பது தெரிந்திருந்தது, அவ்வளவே. அவர் தம் மகனுக்கு விட்டுச் சென்றவை குறடும் சுத்தியும் ஊதுகுழலும், அவற்றைப் பிடிக்கப் பழகிய விரல்களுமே.

இன்றைய நிலைக்குக் கலியாண் நகைக்கடையை எடுத்துக்கொள்வோம். அது 1993-இல் மலையாள நாட்டுத் திருச்சூரில், துணி வணிகக் குடும்பத்தவராகிய டி.எசு. கலியாணராமன் தொடங்கியது. அவர் மக்கள் இராசேசு, இரமேசு இருவரும் இயக்குநர்களாய் அமர்ந்துள்ளனர். 2014-இல் வார்பர்க்கு பிங்கசு என்னும் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 1,200 கோடி உருபாவைப் போட்டது. 2021 மார்ச்சுத் திங்களில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2022-இல், இந்திய அரசின் தலைமைக் கணக்காய்வராய் இருந்த வினோத் ராயை அவைத்தலைவராக அமர்த்தினர். எனினும் பெரும்பங்கு குடும்பத்தின் கையிலேயே உள்ளது. தந்தை தேடிய கடை மக்களுக்குப் போவதை யான் குற்றமென்னேன். உழவன் நிலம் அவன் மகனுக்குப் போகாமல் வேறெங்குப் போகும்?

ஆனால், அக்கடை விற்பது பொன் மட்டுமன்று. 'நம்பிக்கை, அதானே எல்லாம்' என்று பிரபு நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்து சொன்னாரே, அதுவுமன்றோ விற்பனைப் பொருள்! மலையாளத்தில் அதே தொடர் 'விசுவாசம், அதல்லே எல்லாம்' என்று ஒலித்தது. நாடுதோறும் மொழி மாறும். மொழிதோறும் முகம் மாறும். இங்குச் சிவாசி கணேசன் மகன் பிரபு. ஆந்திரத்தில் அக்கினேனி நாகேசுவரராவ் மகன் நாகார்ச்சுனா. கன்னட நாட்டில் இராசுகுமார் மகன் சிவராசுகுமார். வடக்கே அமிதாப்பு பச்சனும், முன்பு அவர் மருமகள் ஐசுவர்யா ராயும். தம் முயற்சியால் உயர்ந்த மஞ்சு வாரியர் போன்றோரை விட்டுவிட்டால், தந்தையின் கடையை ஆளும் மக்கள், தந்தையின் புகழை ஆளும் மக்களை அமர்த்தியிருக்கின்றனர் என்பது விளங்கும். மன்னராட்சி ஒழிந்துவிட்டதென்று வகுப்பறையில் பாடம் நடத்தும் எனக்கு இதனை எண்ணுந்தொறும் சிரிப்பு வரும்.

கூலிக்கு வாங்கிய முகம் சிலபோது கடையையே சிக்கலில் தள்ளும். 2015-இல் ஐசுவர்யா ராய் சாய்ந்து வீற்றிருக்க, மெலிந்த கருநிறச் சிறுவன் ஒருவன் அவருக்குக் குடை பிடிப்பதாய் ஒரு விளம்பரம் வந்தது. அடிமைக் காலத்து ஓவியம் போன்றிருக்கிறதென்று எதிர்ப்பெழவே, அதனைத் திரும்பப் பெற்றனர். 2018 சூலையில் அமிதாப்பு பச்சனும் அவர் மகள் சுவேதாவும் தந்தை மகளாகவே நடித்த விளம்பரம், வைப்பகங்களின்மேல் மக்களுக்கு ஐயத்தை ஊட்டுகின்றதென்று வைப்பக அலுவலர் அமைப்பினர் கிளர்ந்தெழுந்தனர், அதுவும் திரும்பியது. நம்பிக்கையை விற்கப் புறப்பட்ட விளம்பரமே நம்பிக்கையைக் கெடுக்கின்றதென்ற பழிக்கு ஆளாயிற்று!

இக்கலையில் உலகுக்கே ஆசான் பிரெஞ்சு நாட்டில் இருக்கிறார். பகட்டுப்பொருள் வணிகத்தில் முதலிடம் பெற்ற எல்.வி.எம்.எச். குழுமத்தின் தலைவர் பெர்னார் ஆர்னோ என்பவரே அவர். அக்குழுமத்தின் பெயரில் உள்ள இலூயி வுயிட்டன், பெட்டி செய்யும் தொழிலாளி. 1854-இல் பாரீசில் தம் கைத்திறனை நம்பிக் கடை திறந்தவர். 1987-இல் அவர் கடை வேறு நிறுவனங்களோடு இணைந்து குழுமமாயிற்று. 1989-இல் அஃது ஆர்னோ கைக்குப் போயிற்று. வுயிட்டன் குடும்பத்து மருமகனாய் அதனை வளர்த்த ஆன்றி இரக்காமியே மறு ஆண்டில் வெளியேறினார். பெட்டி செய்தவனின் பெயர் பொருள்மேல் இருக்கிறது. அவன் வழியினரிடம் ஆட்சி இல்லை. அவ்வாட்சி இன்று ஆர்னோவின் மக்கள் ஐவர்க்கெனக் காத்திருக்கின்றது. 2022-இல் குடும்ப முதலீட்டு நிறுவனத்தை ஐவர்க்கும் 20 விழுக்காடாய்ப் பங்கிட்டார். 2023-இல் மூத்த மகள் தெல்பீனைத் தியோர் நிறுவனத் தலைமையில் அமர்த்தினார். தாம் மட்டும் இறங்கினாரல்லர். தலைவர்க்குரிய அகவை வரம்பை 2022-இல் 75-இலிருந்து 80 ஆகவும், 2025-இல் 85 ஆகவும் உயர்த்தச் செய்தார்.

2023-இல் வுயிட்டன் ஆடவர் உடைப்பிரிவின் வடிவமைப்புத் தலைமை பாரெல் வில்லியம்சு என்னும் பாடகருக்குக் கொடுக்கப்பட்டது. பாடகி இரிகானாவின் பெயரால் 2019-இல் ஓர் உடையகம் திறந்தனர். ஈராண்டு நிறையுமுன் 2021-இல் மூடினர். புகழ் இருந்தது, வாங்குவார் இல்லை. அதே 2021-இல் திப்பனி நகை நிறுவனத்தை வாங்கி, பாடகி பியான்சேயின் கழுத்தில் 128 காரட்டு மஞ்சள் வயிரத்தைப் பூட்டிப் படமெடுத்தனர். அவ்வயிரம் வெள்ளையர் ஆட்சிக் காலத்துத் தென்னாப்பிரிக்கக் கிம்பர்லிச் சுரங்கத்தில் கிடைத்தது. தோண்டிய கறுப்பனின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

மீண்டும் நம் பலகையடிப் பெண்ணிடம் வருவோம். அவளுக்குரிய காப்பு நடிகர் முகத்தில் இல்லை. சட்டத்தில் சிறிது இருக்கின்றது. 2021 சூன் முதல் படிப்படியாகத் தரமுத்திரை கட்டாயமாயிற்று. 2023 ஏப்பிரல் முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க அடையாளமின்றி முத்திரை நகை விற்கலாகாது. 22 காரட்டாயின் 916 என்றிருக்கும். அவ்வாறு இலக்கங்களைப் பி.ஐ.எசு. கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால் மாற்றும், விற்ற கடையும், ஆய்ந்த நிலையமும் தெரியும். கடையில் வெட்கப்படாமல் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டப்படி, பொய் விளம்பரத்தில் தோன்றிய நடிகர்க்கும் 10 இலக்கம் உருபா வரை தண்டம் உண்டு. மீண்டும் செய்தால் 50 இலக்கம். உரிய ஆய்வு செய்தே நடித்தேன் என்று மெய்ப்பித்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது வேறு.

அம்முத்திரையிலும் நகையைச் செய்தவன் பெயர் இல்லை. அவனை முதலில் வீழ்த்தியது கடைக்காரனும் அல்லன். 1963 சனவரியில், நிதியமைச்சர் மொரார்சி தேசாய் காலத்தில், 14 காரட்டிற்கு மேற்பட்ட மாற்றில் புதுநகை செய்யலாகாதென்று தில்லி விதித்தது. தாலிப்பொன் உருக்கி வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலிழந்தன. தம்முயிரை மாய்த்துக்கொண்ட பொற்கொல்லர் பலர். பொன் கட்டுப்பாடு 1968-இல் தனிச் சட்டமாகி 1990-இல்தான் ஒழிந்தது. அதற்குள் ஒரு தலைமுறை பட்டறையைவிட்டு எழுந்துவிட்டது. எஞ்சியோரின் இடத்தை எந்திர நகை பிடித்துக்கொண்டது.

எம் ஊர்ப் பத்தரின் பேரன் என்னிடம் பயின்றவன். திண்டுக்கல்லில் ஒரு நகைமாளிகையில் கழுத்துப்பட்டை கட்டி, தட்டில் நகை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறான். சென்ற தையில் உறவினர் மணத்திற்குச் சங்கிலி வாங்க அங்குச் சென்றிருந்தேன். சங்கிலியை என் கையில் தருமுன் அவன் விரல் தானாகவே பற்றவைத்த இடத்திற்குப் போய்த் தடவி நின்றது. "ஐயா, இதில் பொடி சரியாக ஓடவில்லை, வேறொன்று எடுத்துத் தருகிறேன்" என்றான் மெதுவாக, மேற்பார்ப்பவர் காதில் விழாதபடி.