நிறம் போனால் நீர் சுத்தமாகுமா?

ஏற்காட்டு மலையில் பிறக்கும் சரபங்கா நதி, ஓமலூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேட்டூர் அணையின் உபரி நீரை இந்த நதியின் வடிநிலத்திலுள்ள 100 வறண்ட ஏரிகளுக்கு ஏற்றிவிட, 565 கோடி ரூபாயில் திட்டம் வகுத்து 2020-ல் அடிக்கல் நாட்டினார்கள். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் தண்ணீரில் சாயக்கழிவு கலந்துவிட்டால் குடியானவர் கதி என்ன? நெசவும் சாயத்தொழிலும் வேரூன்றிய சேலம் வட்டாரத்தில் இது வீண் பயமல்ல.

மின்சாரம் இதற்குப் பரிகாரம் தருமா என்று விஞ்ஞானிகள் பல காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து, காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்ரசாயன ஆராய்ச்சி நிலையமும் இதில் ஈடுபட்டிருக்கிறது.

முறை இதுதான். கழிவு நீரில் இரண்டு உலோகத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். நேர்மின் தகட்டில் சாயப்பொருள் எலெக்ட்ரான்களை இழந்து சிதைகிறது. துணியில் சாயம் ஏற உப்புப் போடுவது வழக்கமல்லவா? அந்த உப்பிலிருந்து தகட்டில் குளோரின் உண்டாகி, பிளீச்சிங் பவுடரைப் போலச் சாயத்தை வெளுக்கிறது. இரும்புத் தகடு கரைந்துபோகும். ஆகவே ருத்தேனியம் ஆக்ஸைடு பூசிய டைட்டானியம் தகடு நீடித்து உழைக்கிறது.

கருநீலத் தண்ணீர் கண்ணெதிரே தெளிவது அதிசயந்தான். ஆனால் கண்ணை நம்பி ஏமாறக் கூடாது! நிறம் தரும் பிணைப்பு அறுந்ததும் நிறம் மறைகிறது. சாயத்தின் மற்றத் துண்டுகள் நீரிலேயே நிற்கலாம். அவற்றோடு குளோரின் சேர்ந்து புதிய நச்சுப் பொருள்களும் உண்டாகக் கூடும். எல்லாம் கரியமில வாயுவாகும் வரை மின்சாரம் பாய்ச்சினால் செலவு ஏறும். உப்போ பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். உப்பு நீர் பாய்ந்த நிலம் என்னவாகும் என்று குடியானவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்பூரில் நடந்ததை மறக்கலாமா? நொய்யல் நதி கெட்ட பிறகு, 2011-ல் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடியானவருக்கும் நஷ்டம், தொழிலாளிக்கும் நஷ்டம்.

ஆகவே மின்சாரத்தை முதற்படியாக மட்டுமே கொள்ள வேண்டும். உப்பைப் பிரித்து, நீரை மீண்டும் பட்டறைக்கே திருப்புவது அடுத்த படி. சிறு பட்டறைக்காரர் தனியே இந்தச் செலவைத் தாங்க மாட்டார். பலர் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்த அரசு கைகொடுக்க வேண்டும். நீரைச் சோதித்த கணக்கை ஊரார் அறிய வெளியிடவும் வேண்டும்.

நீர் சுத்தம் என்று சாட்சி சொல்ல வேண்டியது நிறமல்ல, சோதனைதான்.