விலக்குவதும் கைவிடுவதும் ஒன்றல்ல

ஒரே நாளில் 160 கிலோமீற்றர் வரை ஓடவேண்டிய நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில் பல குதிரைகள் முடிவெல்லையை எட்டுவதற்கு முன்னரே விலக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மிருக வைத்தியர்கள் அவற்றைப் பரிசோதிக்கின்றனர். நடையில் நொண்டல் தென்படுவதே விலக்கலுக்கான முதன்மைக் காரணமாகும். நீரிழப்பு, உடற்சூடு, குறித்த நேரத்துக்குள் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64 ஆகத் தணியாமை என்பன ஏனைய காரணங்களாகும். முதலாவதாக வந்த குதிரைகூட இறுதிப் பரிசோதனையில் தேறாவிடின் வெற்றியை இழந்துவிடும். வாயற்ற சீவனின் சார்பில் வைத்தியர் பேசுகின்றார் என்பதே இவ்விதியின் பொருள். குதிரைகளின் நலன் பேணப்படவில்லை என்பதற்காக 2015இல் ஐக்கிய அரபு இராச்சியத்தின் குதிரையேற்றச் சம்மேளனமே சில மாதங்கள் சர்வதேச அமைப்பினால் இடைநிறுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மன்னார் வளைகுடாவுக்கு இது அந்நியமான விடயமன்று. 13ஆம் நூற்றாண்டில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து இவ்வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள காயலுக்குப் பெருந்தொகையான குதிரைகள் வந்திறங்கின. பராமரிக்கத் தெரிந்தோர் இன்மையால் அவற்றுட் பெரும்பாலானவை விரைவிலேயே மடிந்தன என மார்க்கோ போலோ எழுதிவைத்துள்ளார்.

மன்னார்த் தீவின் கழுதைகளும் அரபு வணிகர்கள் கொண்டுவந்தவற்றின் வழித்தோன்றல்கள் என்றே கூறப்படுகின்றது. தலைமுறைகளாகப் பொதி சுமந்த அவை, மோட்டார் வாகனங்கள் பெருகியதும் தேவையற்றவையாகின. இன்று தெருக்களில் அலைந்து, குப்பையில் இரை தேடி, இரவில் வாகனங்களில் அடிபட்டுக் கால் முறிந்து கிடக்கின்றன. பந்தயத்தில் நொண்டும் குதிரை விலக்கப்படுவது சிகிச்சைக்காக. இங்கோ விலக்கப்பட்ட பின்னர் கேட்பாரில்லை.

கழுதைகளால் விபத்துகள் நேர்கின்றன என்ற மக்களின் முறைப்பாட்டிலும் நியாயமுண்டு. ஆயினும் அவற்றைப் பட்டணத்துக்கு வெளியே துரத்துவது தீர்வாகாது. மன்னாரில் தொண்டு நிறுவனமொன்று கழுதைகளுக்கெனச் சிகிச்சை நிலையம் அமைத்து ஒரு வழியைக் காட்டியது. அப்பொறுப்பைத் தொண்டர்களின் தலையில் மட்டும் சுமத்திவிடலாகாது. ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை, இரவில் ஒளிரும் கழுத்துப்பட்டி, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றை நகர சபையும் கால்நடைத் திணைக்களமும் இணைந்து ஏற்பாடு செய்தல் வேண்டும். இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. நம் முன்னோரின் சுமையைச் சுமந்த விலங்குகளுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் இது என்பதை உரியவர்கள் உணரவேண்டும்.