ஒரு முழத் தண்ணீர்

ஹௌரா ஸ்டேஷனில் இறங்கும் சொந்தக்காரர்களை நான் டாக்ஸியில் ஏற்றுவதில்லை, லாஞ்சில் பாபுகாட்டுக்குக் கூட்டிப் போவேன். 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. ஹூக்ளியைக் குறுக்கே கடக்காமல் கல்கத்தாவுக்குள் நுழைவதில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு நிபந்தனை: "கயிறு கட்டியாச்சான்னு பாருங்க அத்தை, அப்புறம் காலை வைங்க."

ஏனென்றால் இந்த ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வதில்லை. லாஞ்சுக்கும் ஜெட்டிக்கும் நடுவே இன்னும் ஒரு முழத் தண்ணீர் இருக்கும்போதே நாலைந்து பேர் தாவிவிடுவார்கள். லாஞ்சின் பணியாளான கலாசி கயிற்றை இரும்பு முளையில் சுற்றிக்கொண்டுதான் இருப்பார். பழைய டயர்கள் லாஞ்சுக்கும் மிதவைக்கும் நடுவே நசுங்கி, விரிந்து, மறுபடி நசுங்கும். அந்த இடத்தில் ஒரு கால் சிக்கினால் நீச்சல் தெரிந்து பயனில்லை.

ஜெட்டி என்றாலும் நாம் நிற்பது நிலத்தில் இல்லை. உள்ளே காற்று அடைத்த இரும்பு மிதவையின் மேல். கரையிலிருந்து அதற்கு வரும் நடைபாலம் வற்றத்தில் செங்குத்தாகச் சரியும், ஏற்றத்தில் படுத்துவிடும். 1874இல் கட்டிய பழைய ஹௌரா பாலமும் இப்படி மிதவைகள் மேல்தான் கிடந்தது. 1943இல் இன்றைய பாலம் வரும்வரை ஊரே அலையோடு ஏறி இறங்கித்தான் ஆற்றைக் கடந்தது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலிலிருந்து ஒரு பெரிய அலை ஆற்றில் எதிரேறி வரும். இங்கே அதை 'பான்' என்பார்கள். பான் வரும் நேரத்தில் படகுகள் கரையை விட்டு நடு ஆற்றுக்குப் போய்விடும். மோதி உடைவது கரையோரத்தில்தான். 2017 ஏப்ரல் 26 அன்று இதே ஆற்றங்கரையில், பத்ரேஸ்வர் அருகே தெலினிபாராவில் மூங்கில் ஜெட்டி ஒன்று நீர்ப்பெருக்கில் ஆட்களோடு சரிந்து பலர் இறந்தார்கள். அவர்கள் இன்னும் படகில் ஏறவே இல்லை. நாமோ படகில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இரும்பு மிதவைக்கும் கவனிப்பு வேண்டும். ஹூக்ளியின் வண்டல் மெல்லிய படலமாக எதன் மேலும் படியும். மழைத் தூறல் விழுந்தால் தகடு வழுக்கும். கழுவித் தேய்ப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. சங்கிலியையும் நடைபாலத்தின் கீல்களையும் துரு தின்பது தெரியாது. மிதவை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் ஏதோ ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். பெயிண்ட் அடித்த ஜெட்டியைப் பார்த்ததும் நம்பிவிடாமல் இந்தச் சாய்வைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பெரியவர்களைவிட எனக்குக் கவலை, வெயில் காலத்தில் அதே மிதவையிலிருந்து ஆற்றில் குதிக்கும் பையன்கள். அவர்களைப் பார்த்தால் வேறோர் எச்சரிக்கை நினைவுக்கு வரும். வெளிநாட்டு உல்லாசப் படகுகளின் பின்புறம் நீந்துகிறவர்கள் ஏறி இறங்க, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு தட்டு இருக்கும். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது அதன் பக்கத்தில் யாரும் நீந்தக் கூடாது. கீழே சுழலும் விசிறி ஒரு காரணம். இன்னொன்று புகையில் கலந்த கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அமெரிக்காவின் பாவல் ஏரியில் 2000ஆம் ஆண்டு ஒரு வீட்டுப்படகின் பின்தட்டருகே நீந்திய இரண்டு சிறுவர்கள், அண்ணன் தம்பி, இந்த வாயுவால்தான் மயங்கி மூழ்கினார்கள்.

ஹூக்ளி லாஞ்சில் அப்படித் தட்டு கிடையாது. ஆனால் விசிறி உண்டு, புகை உண்டு, பையன்களும் உண்டு. கலங்கல் தண்ணீரில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் தலைகூடத் தெரியாது. முன்னால் நின்று லாஞ்சை ஓட்டும் சாரங்குக்குப் பின்பக்கம் சுத்தமாகத் தெரியாது. எஞ்சினைத் தட்டும் முன் பின்னால் எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். அதற்காக டிக்கெட்டில் ஒரு ரூபாய் ஏற்றினால் ஏற்றட்டும், அத்தைக்கும் சேர்த்து நானே கொடுத்துவிடுகிறேன்.